சாண்டோரினியில் சூரிய அஸ்தமன டின்னர் படகுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போகிறவர்களில் பலர், அதன் வடக்கு முனையில் இருக்கும் ஓயா என்ற ஊரின் பழைய கோட்டைச் சுவரில் இடம் பிடிக்க முண்டியடிப்பதற்குப் பதில் கடலில் இருந்தே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று படகுப் பயணத்துக்குப் பதிவு செய்கிறார்கள். நல்ல முடிவுதான். வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும்: சுமார் ஐந்து மணி நேரம், கேட்டமரான் என்ற இரட்டை அடிப்பாகப் படகு, இரண்டு மூன்று இடங்களில் நீச்சல், படகிலேயே சுட்டுத் தரும் சாப்பாடு, கடைசியில் அஸ்தமனம். பகிர்ந்து போகும் கேட்டமரானிலேயே ஒரு ஆளுக்கு நூறு யூரோவைத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்தும் சிலர் முகம் வாடி இறங்குகிறார்கள். படகையும் சமையலையும் விசாரித்தவர்கள், காற்று எங்கிருந்து வீசும், சூரியன் எங்கே இறங்கும், அந்த நேரத்தில் படகு எங்கே இருக்கும் என்பதை விசாரிக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

கடைசி நாளுக்குப் பதிவு செய்வது

இருப்பதிலேயே விலை அதிகமான தவறு இது. பயணத்தின் உச்சமாக இருக்கட்டும் என்று கடைசி மாலைக்கு ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் சாண்டோரினியைச் சுற்றியுள்ள ஈஜியன் கடலில் கோடைக்காலத்தில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில் அதன் வேகம் அதிகம். தொடங்கினால் சில நாட்கள் தொடர்ந்து வீசும். பிற்பகலில்தான் வலுக்கும் என்பதால் காலைப் பயணத்தைவிட மாலைப் பயணத்தையே அதிகம் பாதிக்கும்.

இதில் ஏமாற வைப்பது வானம். மெல்டெமி வறண்ட காற்று, மேகமே இருக்காது. கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் முழுச் சூரியன் படம் தெரியும். கடலிலோ வெள்ளை நுரையாக அலை எழும்பிக்கொண்டிருக்கும். ஆகவே வெயில் படத்தைப் பார்க்காமல் காற்றின் வேகத்தைப் பாருங்கள். காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 4 வரை (11 முதல் 16 நாட்; நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) பயணம் இதமாக இருக்கும். 5 என்றால் (17 முதல் 21 நாட்) முன்பக்கம் உட்கார்ந்தவர்கள் நனைவார்கள், சிலருக்குக் குமட்டும். 6 என்றால் (22 முதல் 27 நாட்) பாதை மாறும், அல்லது பயணமே ரத்தாகும் என்று மனதளவில் தயாராக இருங்கள். காற்று கடுமையாகும்போது துறைமுக அதிகாரிகள் படகுகள் புறப்படத் தடை விதிப்பார்கள். அந்தத் தடையை மீறிப் படகோட்டியால் எதுவும் செய்ய முடியாது.

ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு நாள் தருவார்கள். வேறு நாள் உங்களிடம் இருந்தால்தானே அது பயன்படும்! அதனால் தீவில் இறங்கிய மறுநாளுக்கே பதிவு செய்யுங்கள். மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு இரண்டாவது நாள் சரியான நாள்.

பாதை மாறினால் கோபப்பட வேண்டாம். வடக்கிலிருந்து காற்று அடிக்கும்போது தீவே அதைத் தடுத்து, தெற்குக் கரையில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். அதனால்தான் காற்று நாளில் படகை ஓயா பக்கம் கொண்டுபோகாமல் சிவப்புக் கடற்கரை, வெள்ளைக் கடற்கரை என்று தெற்கிலேயே ஓட்டுவார்கள். அஸ்தமனத்தை அக்ரோதிரி கலங்கரை விளக்கம் இருக்கும் தென்மேற்கு முனையில் காட்டுவார்கள். அங்கே மேற்கில் திறந்த கடல். ஓயாவின் வெள்ளை வீடுகள் படத்தில் வராது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

சூரியன் எங்கே இறங்கும் என்று பார்க்காமல் இருப்பது

மத்தியதரைக் கடலோரம் எல்லா இடத்திலும் சூரியன் கடலில்தான் இறங்கும் என்ற நினைப்பு பொதுவாக இருக்கிறது. இத்தாலியின் அமால்ஃபி கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெற்கு நோக்கிய கரை. பின்னால் 1,400 மீட்டரைத் தாண்டும் லட்டாரி மலைகள். கோடையில் சூரியன் வடமேற்கே போய் இறங்குவதால், அந்தக் கரையில் உள்ள பொசிட்டானோ ஊருக்கு நேரே நிற்கும் படகில் இருப்பவர்களுக்கு அது மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும். அங்கே அஸ்தமனம் வேண்டுமென்றால் கரையை விட்டு விலகி, காப்ரி தீவின் பக்கம் மேற்கே போகும் படகாகப் பார்க்க வேண்டும்.

சாண்டோரினியிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. எரிமலை வெடித்துக் குழிந்த கால்டெராவின் நடுவில் நெயா கமேனி, பலேயா கமேனி என்ற இரண்டு எரிமலைத் தீவுகள். மேற்குப் பக்கத்தை அடைத்தபடி திராசியா தீவு. ஜூன் மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 30 பாகை வடக்கே தள்ளி இறங்கும். கமேனித் தீவுகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் திசையில் திராசியா இருக்கிறது. கடல்மட்டத்தை எட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் அந்தத் தீவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அஸ்தமன நேரத்தில் படகு எங்கே இருக்கும்?’ ‘ஓயாவுக்குக் கீழே’ என்றோ ‘கலங்கரை விளக்கத்துக்கு வெளியே’ என்றோ தெளிவாகச் சொன்னால் சரி. ‘கால்டெராவுக்குள்’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

நேரமும் மாதத்துக்கு மாதம் நிறைய மாறும். ஜூன் கடைசியில் இரவு 8.40-ஐ ஒட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் 7.45 சுமாருக்கு, அக்டோபர் தொடக்கத்தில் 7 மணிக்கு, அக்டோபர் 20 வாக்கில் 6.35-க்கெல்லாம் இறங்கிவிடும். நிறுவனம் தரும் திரும்பும் நேரத்தை இதோடு ஒப்பிடுங்கள். திரும்பும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால் இருந்தால் அதற்கு ‘அஸ்தமனப் பயணம்’ என்று பெயர் வைத்திருந்தாலும் அது பிற்பகல் பயணம்தான். சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் வானத்தில் நிறம் இருக்கும். கால்டெராவின் செங்குத்துப் பாறை அப்போதுதான் ரோஜா நிறத்துக்கு மாறும். அதுவரை கடலில் இருக்கும் படகு கிடைத்தால் விடாதீர்கள்.

படகில் எந்தப் பக்கம் உட்காருவது? வடக்கே ஓயாவை நோக்கிப் போகும்போது மேற்கு இடப்பக்கம் இருக்கும். தெற்கே திரும்பும்போது வலப்பக்கம். ஏறியவுடன் ஊழியரிடம் பாதையைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு என்று எதிர்பார்ப்பது

பெயரில் டின்னர் இருந்தாலும் சாப்பாடு அஸ்தமன நேரத்தில் வராது. ஓடும் படகில் அடுப்பைப் பற்றவைத்துத் தட்டுகளைப் பரிமாற முடியாது. நங்கூரம் பாய்ச்சி நிற்கும் நேரத்தில்தான், அதாவது கடைசி நீச்சல் இடத்தில், மாலை ஐந்தரை, ஆறு வாக்கில் சாப்பாடு முடிந்துவிடும். அதனால் மதியம் ஹோட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம். குமட்டலை அது கூட்டும். ரொட்டி, வாழைப்பழம் போல லேசாக ஏதாவது போதும். இரவு ஒன்பதரைக்கு மேல் மறுபடியும் பசிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தட்டில் வருவது பெரும்பாலும் சுட்ட கோழி, பன்றி இறைச்சி, இறால், கிரேக்க சாலட், தயிரும் பூண்டும் சேர்த்த சட்ஸிகி, திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிய டோல்மடாகியா, பாஸ்தா. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று ஒரு பெட்டியில் டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மீனும் இறாலும் கூடாது, முட்டை கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். கிரேக்கத்தில் விரதச் சாப்பாட்டை நிஸ்தீஸிமோ என்பார்கள். கறி, பால், முட்டை இல்லாதது என்று அதை நம்பிக் கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் ஆர்த்தடாக்ஸ் விரதத்தில் இறால், கணவாய்க்கு அனுமதி உண்டு, அதனால் தட்டில் கணவாய் வரலாம். டோல்மடாகியாவில் சில இடங்களில் அரைத்த கறி வைப்பார்கள், அதையும் கேளுங்கள். சுடும் கம்பித் தட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அது ஒத்துவராது என்றால் அடுப்பில் ஏறாதவற்றைக் கேட்பது நல்லது: சாலட், ரொட்டி, மசித்த சாண்டோரினி ஃபாவா. இந்த ஃபாவா அந்தத் தீவிலேயே விளையும் ஒரு பருப்பு; வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். முந்தின நாள் சொன்னால் ஏற்பாடு செய்ய வாய்ப்பு உண்டு. படகில் ஏறிய பிறகு சொன்னால் சாலட்டும் ரொட்டியும்தான்.

ஒயின் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் இருந்த உடம்புக்கு அது சீக்கிரம் ஏறும். கடைசி நீச்சல் முடியும்வரை தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. அந்த மாத்திரைகள் பல தூக்கம் வரவைப்பவை, மதுவோடு சேர்த்தால் அஸ்தமனத்தின்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மாத்திரை இல்லாதவர்கள் படகின் நடுவில், பின்பக்கமாக உட்கார்ந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். கைபேசித் திரையைப் பார்க்கவே வேண்டாம்.

வெந்நீர் ஊற்றைத் தவறாகப் புரிந்துகொள்வது

பலேயா கமேனியின் வெந்நீர் ஊற்று என்றதும் படியில் இறங்கி வெந்நீரில் காலை வைக்கலாம் என்று நினைப்பார்கள். படகு அந்தச் சிறு குடாவுக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து ஆழமான, குளிர்ந்த கடலில் குதித்து, ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் நீந்தித்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் தண்ணீர் 30 முதல் 35 பாகை செல்சியஸ்தான். வெதுவெதுப்பு என்று சொல்லலாம். மே மாதத்தில் கடல் இன்னும் குளிர்ந்திருக்கும் என்பதால் அந்த முதல் குதிப்பிலேயே மூச்சு வாங்கும்.

நீச்சல் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட், நுரை மிதவை எல்லாம் படகில் இருக்கும். அவற்றைக் கட்டிக்கொண்டு ஏணிப் பக்கத்திலேயே மிதப்பது போதும். வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் போக வேண்டாம். காரணம், திரும்பி வரும்போதும் அதே தூரம் நீந்த வேண்டும், களைப்பு அப்போதுதான் தெரியும். அந்தத் தண்ணீரில் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கின்றன. வெளிர் நிற நீச்சலுடையில் துருக்கறை பிடிக்கும், துவைத்தாலும் போகாது. வெள்ளி கறுத்துவிடும். கறுப்பு உடையோடு போங்கள். கொலுசு, மோதிரம், கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

படகுக்குள் நடக்கும் சின்னத் தவறுகள்

ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள். போட்டோவுக்காக வாங்கிய ஹீல்ஸ் அந்தக் கூடையிலேயே கிடக்கும். சன்ஸ்கிரீனைக் கரையிலேயே, அரை மணி நேரம் முன்பு பூசுங்கள். படகில் ஸ்பிரே அடித்தால் தளம் வழுக்கும், கறையும் படியும். முன்பக்கத்து வலைமேல் படுப்பது சுகம், ஆனால் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியோ சாவியோ நழுவினால் நேரே கடலுக்குள்தான். கால்டெராவின் ஆழம் பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல். கழிவறையில் காகிதத்தைப் போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் தொட்டியில் போடுங்கள். படகின் பம்ப் சிறியது. ஒருவர் அடைத்தால் மீதி நேரம் யாருக்கும் கழிவறை இல்லை.

ஆகஸ்டிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் மாற்று உடையும் வேண்டும். ஈர உடையோடு காற்றில் உட்கார்ந்தால் சூரியன் இறங்கிய பத்தாவது நிமிடம் பல் கிட்டும்.

திரும்பும் வழியை யோசிக்காமல் இருப்பது

எந்தத் துறையில் ஏற்றி எந்தத் துறையில் இறக்குவார்கள் என்று கேளுங்கள். தெற்கே வ்லிகாதாவில் ஏற்றி வடக்கே அம்மூடியில் இறக்கும் பயணங்கள் உண்டு. அம்மூடியிலிருந்து ஓயாவுக்கு 200-க்கும் மேற்பட்ட படிகள். வாகனப் பாதையும் இருக்கிறது. ஆனால் வேன் உங்கள் கட்டணத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஓயாவிலும் தீவின் தலைநகரான ஃபிராவிலும் உள்சந்துகளுக்குள் வண்டி போகாது. ஹோட்டல் வாசலுக்கு வருவார்கள் என்று உட்கார்ந்திருக்காமல், குறிப்பிட்ட சந்திப்பு இடத்துக்கு நீங்களே பத்து நிமிடம் முன்னால் நடந்து போங்கள். அஸ்தமனம் முடிந்ததும் ஓயாவிலிருந்து வெளியேறும் சாலை நெரியும். அன்றிரவே அதினியோஸ் துறைமுகத்தில் ஃபெர்ரி, விமான நிலையத்தில் விமானம் என்று வைத்துக்கொள்வது ஆபத்து.

பெரிய சொகுசுக் கப்பலில் தீவுக்கு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களைச் சிறு படகில் ஃபிராவுக்குக் கீழே உள்ள பழைய துறையில் இறக்குவார்கள். அங்கிருந்து மேலே வர ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், அல்லது வரிசையில் நின்று கேபிள் கார். திரும்பும்போதும் அதே வரிசை. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் அஸ்தமனத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தாலொழிய மாலைப் பயணத்தை எடுக்காதீர்கள். அதே படகுகள் காலையிலும் அதே கடலில்தான் ஓடுகின்றன, கட்டணமும் பெரும்பாலும் குறைவு.