அமெரிக்காவுக்கு நெபுலைசர், சிபாப் எடுத்துச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 மின் அலைகள்). அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். விமான நிலையக் கடைகளில் கிடைக்கும் யுனிவர்சல் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. பிளக் பொருந்திவிட்டது, இனி கருவி ஓடும் என்று நம்புவதுதான் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் செய்யும் முதல் தவறு.

கிளம்பும் முன் கருவியின் அடியிலோ அதன் பவர் அடாப்டரிலோ உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பின்னை மட்டும் மாற்றினால் போதும். தூக்கத்தில் மூச்சடைப்புக்கான சிபாப் கருவிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றின் பவர் அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் வயர் பலவற்றில் தனியாகக் கழன்று வரும். அதே முனையுள்ள அமெரிக்க வயரை வாங்கி மாட்டிவிட்டால், பின் வடிவத்தை மாற்றும் அடாப்டரே (மாற்றி) தேவையில்லை. அங்குள்ள சாக்கெட்டில் கனமான மாற்றி தொங்கினால் நள்ளிரவில் நழுவிவிடக்கூடும்.

திரவ மருந்தைப் புகைபோல நுண்துளிகளாக்கி உள்ளிழுக்கத் தரும் நெபுலைசர் அப்படியல்ல. நம் ஊரில் விற்கும், மோட்டாரால் காற்றை அழுத்தும் பிஸ்டன் கம்ப்ரசர் நெபுலைசர்கள் பலவும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே. 120 வோல்ட்டில் மோட்டார் உறுமும், சுழலாது. சுழன்றாலும் காற்றழுத்தம் போதாது. மருந்துத் துளிகள் பெரிதாகி, நுரையீரலுக்குள் இறங்காமல் வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். புகை வருகிறதே என்று நோயாளி நினைப்பார், மூச்சிரைப்பு அடங்காது. அங்கே வாங்கிய 120 வோல்ட் நெபுலைசரை ஊருக்குக் கொண்டுவந்து 230-இல் செருகினால் மோட்டார் சுருள் கருகிவிடும்.

‘2000 வாட்’ என்று எழுதிய சின்ன டிராவல் கன்வெர்ட்டரை நம்பாதீர்கள். அந்த வகை ஹேர் டிரையர் போன்ற சூடேற்றும் பொருள்களுக்கானது. மின் அலையை வெட்டி அனுப்புவதால் மோட்டாரும் மின்னணுப் பகுதியும் கெடும். கனமான ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைச் சரியாக உயர்த்தும். ஆனால் ஹெர்ட்ஸ் 60-ஆகவே இருக்கும். 50-க்கென்று செய்த மோட்டாரின் வேகமும் சூடும் மாறும் என்பதால் இதுவும் முழுத் தீர்வாகாது. நுண்துளைத் தகடு வழியே மருந்தைத் துளிகளாக்கும், பேட்டரியில் ஓடும் மெஷ் நெபுலைசரை எடுத்துப்போவதோ, போன இடத்தில் ஒரு நெபுலைசர் வாங்குவதோதான் எங்கள் பரிந்துரை. உங்கள் மருந்து மெஷ் வகைக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் சுமார் 300–350 வாட் இழுக்கும். அதைத் தூக்கிப்போக வேண்டாம். பயணத்துக்கு முன்பே அங்கே வாடகைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மூன்று பின் உள்ள கருவியை இரண்டு பின் மாற்றியில் செருகினால் எர்த் இணைப்பு அறுந்துபோகும். உடம்போடு ஒட்டி ஓடும் கருவியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சிங்கப்பூர், பிரிட்டன் போகிறவர்களுக்கு வோல்டேஜ் சிக்கல் இல்லை. ஆனால் அங்குள்ள சதுரப் பின் சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவை நுழைத்து, மற்ற துளைகளின் உள்மூடியைத் திறந்து, சிலர் இரண்டு பின் பிளக்கைச் செருகுகிறார்கள். பின் தளர்வாக நிற்கும், பொறி பறக்கும். முறையான மாற்றி வாங்குங்கள்.

அமெரிக்க வீடுகளில் சில சாக்கெட்டுகள் சுவரிலுள்ள விளக்கு ஸ்விட்சோடு இணைந்திருக்கும். யாராவது விளக்கை அணைத்தால் சிபாப்பும் நின்றுபோகும். முதல் நாள் பகலிலேயே ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டு அணைத்துப் பார்த்து, நிற்காத சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்.