ஏரி நீரைச் சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு: இடம், நேரம், ஒரு குமிழி

எந்தக் கருவி வாங்கலாம் என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஏரியில் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு அதே நேரத்தில் போங்கள்.

பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவு முழுவதும் ஏரியில் உள்ள எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கின்றன. அதனால் பாசி மிகுந்த ஏரியில் கரைந்த ஆக்சிஜன் விடியும் வேளையில் மிகக் குறைவாகவும் பிற்பகலில் மிக அதிகமாகவும் இருக்கும். நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவும் பகலில் ஏறும். போன வாரம் காலையிலும் இந்த வாரம் மாலையிலும் அளந்துவிட்டு ஏரி தேறிவிட்டது என்று எழுதுவதில் பொருளே இல்லை. காலை பத்து மணி எனக்குப் பிடித்த நேரம். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன என்றால் மட்டும் விடியலில் தனியாக ஒருமுறை போய் அளக்க வேண்டும்.

வெப்பநிலையையும் பிஎச்சையும் குறித்துக்கொள்ளுங்கள். பிஎச் மீட்டரைக் கிளம்பும் முன், பிஎச் தெரிந்த தாங்கல் கரைசலில் சரிபார்ப்பது கட்டாயம்.

அடுத்து, நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் செக்கி தட்டு. 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஏஞ்சலோ செக்கி பயன்படுத்திய எளிய உத்தி இன்றும் நிற்கிறது. 20 செ.மீ. வட்டத் தட்டைக் கறுப்பு வெள்ளைக் கால்பாகங்களாகப் பிரித்து வண்ணம் பூசி, கீழே எடை கட்டி, நனைந்தால் நீளாத கயிற்றில் இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரியே அளவு. படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பாருங்கள். தொடக்கக்காரர் கையில் மலிவான கலங்கல் மீட்டரை விட இதையே நான் நம்புவேன்.

இனி கரைந்த ஆக்சிஜன். பராமரிக்காத மீட்டரை விட, ரசாயனங்களைச் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறைப் பெட்டியே மேல். ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதுவும் ரசாயனத்தைத் தொடுவதற்கு முன்பே. பாட்டிலை வாளியிலிருந்து ஊற்றி நிரப்பினால் காற்றும் சேர்ந்தே கலந்துவிடும். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலைச் சாய்த்து, முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, மெல்ல நிரம்ப விடுங்கள். பக்கவாட்டில் தட்டி ஒட்டியிருக்கும் குமிழிகளை வெளியேற்றி, நீருக்குள்ளேயே மூடுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கடுகளவு குமிழி ஓடினாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். ஆக்சிஜன் குறைந்த நீரில் அந்தக் குமிழி கரைந்து, மூச்சுத் திணறும் ஏரியை நலமாக இருப்பதாகக் காட்டிவிடும்.

கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்துக் குலுக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை. அமிலம் சேர்த்த பின் தயோசல்பேட்டைத் துளித்துளியாக விட்டு, நிறம் வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தொடருங்கள். செலவான தயோசல்பேட்டின் அளவிலிருந்துதான் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். கையுறையும் கண்பாதுகாப்பும் வேண்டும். கழிவைத் தனிப் பாட்டிலில் சேகரியுங்கள், ஏரியில் ஊற்றாதீர்கள்.

கிடைத்த ஆக்சிஜன் அளவை வெப்பநிலையோடு சேர்த்தே படியுங்கள். கடல்மட்டத்தில் 20 டிகிரி நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியில் 7.5 மட்டுமே. வெயில் நேரத்தில் 12 காட்டினால் மகிழாதீர்கள். பாசி அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதன் அறிகுறி அது.

பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸை அளக்க நிறம் மாறும் பட்டைகளை வாங்காதீர்கள். ஏரியைப் பாசியால் மூட லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் போதும். பட்டைக்கு அது தெரியாது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: விங்க்லர் சோதனையில் நீலம் மறைந்து சில நிமிடங்களில் திரும்பி வருகிறதே என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். காற்று பட்டு அப்படி ஆவதுண்டு. முதல்முறை மறைந்தபோது செலவாகியிருந்த தயோசல்பேட் அளவையே எழுதுங்கள்.

ஆழமான ஏரியில் மேல்நீர் மட்டும் போதுமா என்பது இன்னொரு கேள்வி. போதாது. கோடையில் வெதுவெதுப்பான மேலடுக்கு கீழடுக்கை மூடிவிடுவதால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகலாம். வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் மாதிரிக் குழாய் ஒன்றைக் கடன் வாங்கியாவது கோடை முடிவில் அடிநீரை அளந்துவிடுங்கள்.