கேன்சர் ரிஜிஸ்ட்ரி வேலைக்கு என்ஐஎச்-ல சப்ளிமென்ட் கேக்கறது எப்படி: டர்பன்ல இருந்து ஒரு செய்முறை

2023-ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்-கிட்ட சப்ளிமென்ட், அதாவது ஏற்கனவே ஓடற கிராண்டுக்கு கூடுதல் நிதி, ரெண்டு தடவை கேட்டோம். முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டாவது தடவை கிடைச்சுது. ரெண்டுக்கும் பேப்பர் ரெடி பண்ணது நான்தான், அதனால எந்த இடத்துல இடிச்சுதுன்னு மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

பணம் எதுக்குன்னா, நம்ம தென்னாப்பிரிக்காவோட நேஷனல் கேன்சர் ரிஜிஸ்ட்ரி (நாட்டுல யாருக்கு கேன்சர் வந்துதுன்னு எண்ற பதிவேடு) 1986-ல ஆரம்பிச்சது, முக்கியமா லேப்ல இருந்து வர்ற பயாப்சி ரிப்போர்ட்ட வெச்சுத்தான் எண்ணுது. 2011-ல கேன்சர கட்டாயம் தெரிவிக்கணும்னு விதி வந்தும், பயாப்சி எடுக்காம ஸ்கேன் பாத்து வீட்டுக்கு அனுப்பினவங்க நிறைய பேர் எண்ணிக்கைக்குள்ள வர்றதில்ல. என் பெரியம்மா டர்பன் சாட்ஸ்வர்த்ல அப்படித்தான் இறந்தாங்க, எந்த டேபிள்லயும் அவங்க இல்ல. ஆஸ்பத்திரிப் பதிவு, லேப் பதிவு, இறப்புப் பதிவு மூணையும் கோக்கணும், அதுக்கு ஆளும் நேரமும் வேணும், அதுக்குத்தான் கூடுதல் நிதி.

எரா காமன்ஸ் (என்ஐஎச்-சோட ஆன்லைன் விண்ணப்பத் தளம்) கணக்கு, எதிக்ஸ் அனுமதி எல்லாம் உங்க கிட்ட இருக்கும்னு வெச்சுக்கறேன்.

1. தாய் கிராண்டோட, அதாவது ஏற்கனவே கிடைச்ச மூல கிராண்டோட, நோட்டீஸ் ஆஃப் அவார்ட (நிதி ஒதுக்கின கடிதம்) எடுத்து முடியற தேதியப் பாருங்க. சப்ளிமென்ட் வேலை அந்தத் தேதிக்குள்ள முடியணும். 9 மாசம் பாக்கி இருந்தா 12 மாச பட்ஜெட் போடாதீங்க.

2. ஸ்கோப், அதாவது வேலையோட எல்லை. நாங்க விழுந்தது இங்கதான், அதனால நிதானமா படிங்க. எங்க தாய் கிராண்ட் எச்ஐவி உள்ள பெண்களுக்கு வர்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பத்தினது. முதல் தடவை "டேட்டா ஒரே இடத்துல இருந்துதானே வருது"ன்னு மார்பகப் புற்றுநோயயும் சேத்து எழுதிட்டோம். எங்களுக்கு அது இயல்பான அடுத்த படியா தெரிஞ்சுது, அவங்களுக்கு அது புது ஆராய்ச்சி. இந்த வகை சப்ளிமென்ட்ட வெளி நிபுணர் குழு மதிப்பிடறதில்ல, அங்க இருக்கற அதிகாரிகளே பாத்து முடிவு பண்றாங்க, அதனால புது நோக்கத்த அவங்களால உள்ள விடவே முடியாது, அதுக்கு வேற வழியில போட்டி போட்டுத்தான் வரணும். ஏற்கனவே ஒத்துக்கிட்ட நோக்கத்த முடிக்க, முன்னாடி எதிர்பாக்காத ஒரு செலவு வந்திருக்கணும்.

ரெண்டாவது தடவை ஒரே பக்கத்துல டேபிள் போட்டேன். இடது பக்கம் தாய் கிராண்ட்ல இருக்கற நோக்கம், வார்த்தை மாறாம. நடுவுல அதுல வந்த தடங்கல். வலது பக்கம் இந்தப் பணத்துல செய்யப்போற வேலை. இடது பக்கம் காலியா இருக்கற வரி எல்லாத்தயும் அடிச்சுட்டேன், மார்பகம் அப்படியே போச்சு, மனசு கேக்கலன்னாலும்.

எங்க தடங்கல் பேர்தான். லேப் பதிவுல நம்பகமான பொது எண் இல்ல, பேரும் பிறந்த தேதியும் வெச்சுத்தான் ஆள கண்டுபிடிக்கணும். பிள்ளை ஒரு இடத்துல 'பில்லே', இன்னொரு இடத்துல 'பில்லாய்', நாயுடு 'நாயுடூ', கவுண்டர் 'கவெண்டர்', ஸூலு பேர்களுக்கும் இதே மாதிரி பல ஸ்பெல்லிங். ஒரே அம்மா ரெண்டு நோயாளியா எண்ணப்படறாங்க, இல்ல வேற ரெண்டு பேர் ஒருத்தரா ஆயிடறாங்க. இதுக்கு ஸ்ப்ளிங்க்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், இலவசம், பிரிட்டிஷ் நீதித்துறை அமைச்சகத்துல செஞ்சது, ரெண்டு பதிவும் ஒரே ஆளோடதா இருக்கற வாய்ப்ப எண்ணா தரும். எக்செல்ல கண்ணால பாத்து சேக்காதீங்க, ப்ளீஸ். ரிஜிஸ்ட்ரி பதிவுக்கு ஐஏஆர்சி-யோட (சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு) கேன்ரெக்5 சாஃப்ட்வேர், அதுவும் இலவசம். சந்தேகமான ஜோடிகள மனுஷங்க உக்காந்து பாத்தே ஆகணும், அந்தச் சம்பளத்தத்தான் கேட்டோம்.

3. எழுதறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் ஆஃபீசருக்கு (உங்க கிராண்ட பாத்துக்கற என்ஐஎச் அதிகாரி) அந்த ஒரு பக்க டேபிள மட்டும் மெயில்ல அனுப்புங்க. முதல் தடவை நாங்க இதச் செய்யல.

4. எஸ்எஃப்424 விண்ணப்பப் படிவத்துல விண்ணப்ப வகை 'ரிவிஷன்'. 'நியூ' போட்டுடாதீங்க. தாய் கிராண்ட் எண்ணயும் குடுக்கணும். கிடைச்சா அந்த எண்ணுக்கு முன்னாடி 3, கடைசில எஸ்1 சேந்து வரும்.

5. பட்ஜெட் டாலர்ல. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவு 8 சதவீதம்தான், உங்க ஃபைனான்ஸ் ஆஃபீஸ் கூட கேட்டாலும் போட முடியாது, அத முதல்லயே அவங்ககிட்ட பேசிடுங்க. ரேண்ட் ஏறி இறங்கறதுக்கும் கணக்குல இடம் விடுங்க.

அப்டேட்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து ஒரு அக்கா கமெண்ட்ல சாம் (அமெரிக்க அரசு நிதி கேக்கறவங்க பதிவு பண்ண வேண்டிய தளம்) பதிவு முடியாம நிக்குதுன்னு கேட்டாங்க. மன்னிக்கணும், இத நான் விட்டுட்டேன். நேரடியா விண்ணப்பிக்கற வெளிநாட்டு நிறுவனம் என்கேஜ் கோட் (நேட்டோ முறையில நிறுவனத்துக்குத் தர்ற அடையாள எண்) வெச்சிருந்தா, அதுல இருக்கற பேரும் முகவரியும் சாம்ல எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். அவங்க கேஸ்ல ஒண்ணுல 'ஸ்ட்ரீட்', இன்னொண்ணுல சுருக்கம், அவ்வளவுதான். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேணும்.

அப்டேட் 2: நிலைமை மாறிடுச்சு. 2025 பிப்ரவரி 7-ல அமெரிக்க அதிபர் தென்னாப்பிரிக்காவுக்கான உதவிய நிறுத்தச் சொல்லி ஆணை போட்டார், மே 1-ல என்ஐஎச் வெளிநாட்டு சப்-அவார்டு (கிராண்ட் வாங்கின நிறுவனம் அதுல ஒரு பங்க இன்னொரு நிறுவனத்துக்குத் தர்றது) முறையயே மாத்தறதா அறிவிச்சுது. அதனால 3-ஆவது படிய முதல் படியா வெச்சுக்கோங்க, உங்க கிராண்டுக்கு இப்ப சப்ளிமென்ட் கேக்கலாமான்னு எழுத்துல பதில் வாங்கின பிறகு மத்தத தொடங்குங்க. இங்க எஸ்ஏஎம்ஆர்சி (தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), கான்சா (தென்னாப்பிரிக்க புற்றுநோய் சங்கம்) ரெண்டோட அறிவிப்புகளயும் பாத்துக்கிட்டே இருங்க. அந்த இடது-நடு-வலது டேபிள நான் இப்ப இந்த மாதிரி உள்ளூர் அமைப்புக்கு அனுப்பத்தான் திருத்திக்கிட்டிருக்கேன், மார்பகத்துக்கு தனி விண்ணப்பமா.