ஒரு கொறங்காட்டைக் கணினியில் எழுப்புவது எப்படி? ஓப்பன்சிமுலேட்டர் தொடக்க விளக்கம்

காங்கயம், மூலனூர் பக்கத்தவர்களுக்குக் கொறங்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அது கால்நடை மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி, ஓரமாக ஓர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு இடையே செல்லும் பாதை. எங்கள் காட்டில் வேலி பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. அது முழுமையாக இருந்த நாளில் எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகள் உள்ளே நடந்தே பார்க்கட்டும் என்று, அதை ஒரு மெய்நிகர் உலகமாக எழுப்பத் தொடங்கினேன். அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நிலம் வைத்திருக்கப் பணம் செலுத்த வேண்டும். 2007இல் தொடங்கிய ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம்) அதுபோன்ற உலகங்களை எழுப்பும் திறந்தமூல மென்பொருள். நம் கணினியிலேயே இலவசமாக இயங்கும். நிலம் நம் கையில் இருக்க வேண்டும் என்பதால் நான் இதையே பரிந்துரைக்கிறேன். உள்ளே நுழைவதற்கு ஃபயர்ஸ்டார்ம் என்ற, உலகைக் காட்டும் மென்பொருளை நிறுவுங்கள். அதில் ஓப்பன்சிமுக்கான பதிப்பு தனியாக உண்டு, அதையே தேர்ந்தெடுங்கள். கட்டத் தொடங்கும் முன் ஓஎஸ்கிரிட் என்ற பொது ஓப்பன்சிம் உலகில் ஓர் இலவசக் கணக்கைத் திறந்து, சில மாலைகள் பிறர் கட்டியவற்றைச் சுற்றிப் பாருங்கள். ஆல்ட் விசையையும் சுட்டியின் இடப் பொத்தானையும் அழுத்தியபடி சுட்டியை நகர்த்தினால், நின்ற இடத்திலிருந்தே எந்தச் சுவரையும் அருகில் பார்க்கலாம்.

ஓப்பன்சிமைப் பதிவிறக்கி விரித்தெடுத்ததும், எக்ஸாம்பிள் என்று முடியும் இரண்டு அமைப்புக் கோப்புகளை (ஓப்பன்சிம், ஸ்டாண்டலோன்காமன்) நகலெடுத்து, நகலின் பெயரிலிருந்து அந்தக் கடைசிச் சொல்லை நீக்குங்கள். பிறகு இயக்கினால் கட்டளைச் சாளரம் நிலப்பகுதியின் பெயர், உரிமையாளர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கும். மற்ற கேள்விகளுக்கு என்டர் விசை போதும். ஃபயர்ஸ்டார்மின் ஓப்பன்சிம் அமைப்பில் 127.0.0.1:9000 என்ற, நம் கணினியையே குறிக்கும் முகவரியைச் சேர்த்து, அதே பெயரிலும் கடவுச்சொல்லிலும் நுழையலாம்.

நுழைந்ததும் நீங்கள் நிற்பது கடல் சூழ்ந்த ஒரு சிறு தீவு. ஒரு நிலப்பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர், நம் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்று மேல். கொறங்காட்டுக்கு அது தாராளம். ஆனால் கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டுக்குத் தீவு எதற்கு? நான் தடுமாறியது இங்கேதான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்த உலகில் நீர்மட்டம் 20 மீட்டர் உயரத்தில், நிலப்பகுதி முழுவதும் ஒரே சமதளமாக விரிந்திருக்கிறது. நிலம் அதற்குக் கீழே இறங்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் தெரியும். நான் முதலில் நிலத்தை 22 மீட்டருக்குச் சமன்செய்து கிணறு தோண்டினேன். ஏழு அடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நூறடிக் கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும்போது வரும் அந்த ஆழம் அதில் இல்லை. நீர்மட்டத்தை அமைப்புகளில் குறைக்கலாம் என்றாலும், அதை நிலத்தடி நீர்மட்டமாகக் கொண்டு நிலத்தை உயர்த்துவதே சரியான வழி என்று பிறகுதான் புரிந்தது. கட்டளைச் சாளரத்தில் டெரெயின் ஃபில் 45 என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். நிலம் முழுவதும் 45 மீட்டரில் சமனாகும்; தோண்டினால் 25 மீட்டரில், அதாவது 82 அடியில், தண்ணீர் தெரியும். அடித்தளத்தை 14 மீட்டர் உயரம் வரை இறக்கினால் ஆழம் 102 அடி.

தோண்டியதும் இன்னொரு சிக்கல் வரும். நிலத்தின் உயரம் மீட்டருக்கு ஒரு புள்ளியாகவே பதிவாவதால் செங்குத்தான மண்சுவர் அமையாது. பக்கங்கள் சரிந்து, மேல்தோற்றப் படம் இழுபட்டு நிற்கும். ஆகவே கிணற்றுச் சுவரைத் தனியே கட்ட வேண்டும். கன்ட்ரோல், பி விசைகளால் கட்டுமானப் பெட்டியைத் திறந்து ஒரு கனசதுரம் வையுங்கள். அதன் அளவை 12க்கு 12க்கு 31 மீட்டராக்கி, ஹாலோ என்ற இடத்தில் 95 என்று கொடுங்கள். உள்ளே வெறுமையாகி, ஓர் அடி கனத்தில் நான்கு சுவர்கள் நிற்கும். மண்சரிவு சுவருக்கு வெளியே இருக்கும்படி பள்ளத்தைச் சற்று அகலமாகத் தோண்டி, மேலே தெரியும் இடைவெளியைக் கல் விளிம்பு வைத்து மூடுங்கள்.

வேலிக்கு விலைகொடுத்து மாதிரிகள் வாங்க வேண்டாம். உங்கள் ஊர்க் கிளுவை வேலியைப் புகைப்படம் எடுத்து, கிம்ப் மென்பொருளில் பின்னணியை நீக்கி, பிஎன்ஜி கோப்பாக ஏற்றி, மெல்லிய பலகைகளில் ஒட்டினால் போதும். இட்டேரி குறுகலாகத் தோன்றும், ஏனெனில் நம் பார்வை, உள்ளே நடமாடும் நம் உருவத்துக்குப் பின்னால் மேலே நிற்கிறது. பலர் இதற்காக அளவுகளைப் பெருக்குவார்கள். நான் அதை ஏற்பதில்லை. உண்மை அளவை மாற்றாமல் பார்வையைத் தாழ்த்துங்கள்.

ஒவ்வொரு நாளும் எழும் முன் சேவ் ஓஏஆர் என்ற கட்டளையால் முழு நிலப்பகுதியையும் ஒரே கோப்பாகச் சேமியுங்கள். மின்சாரம் நின்று, ஒரு மாலை முழுவதும் நட்ட வெள்வேல மரங்களை நான் இழந்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: வீட்டின் மற்றொரு மடிக்கணினியிலிருந்து நுழையும்போது, ரீஜன் ஹேண்ட்ஷேக் என்ற இடத்திலேயே நின்றுவிடுவதாகப் பெருந்துறை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கணினிகளுக்கிடையே தரவு செல்லும் முறைகளில் டிசிபி, யுடிபி என இரண்டு உண்டு; நுழைவுச் சோதனை டிசிபி வழியாகவும், உலகத்தின் தரவு யுடிபி வழியாகவும் வருகின்றன. தீச்சுவரில் (ஃபயர்வால்) 9000ஆம் வாயிலை (போர்ட்) இரண்டுக்கும் திறக்க வேண்டும்; அவர் டிசிபிக்கு மட்டும் திறந்திருந்தார். அத்துடன் ஓப்பன்சிம் என்ற அமைப்புக் கோப்பில் பேஸ்ஹோஸ்ட்நேம் என்ற வரியில் உள்ள 127.0.0.1ஐ நீக்கி, உங்கள் வீட்டு வைஃபை ஓப்பன்சிம் இயங்கும் கணினிக்குக் கொடுத்திருக்கும் முகவரியை எழுதுங்கள். மடிக்கணினியின் ஃபயர்ஸ்டார்மிலும் அதே முகவரியைச் சேர்த்தால் இருவரும் ஒரே இட்டேரியில் நடக்கலாம்.