வெல்டை அறுக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? ரேடியோகிராஃபி, முதல் ஃபிலிமிலிருந்து

ஒரு பக்கம் கதிர் மூலம், மறுபக்கம் ஃபிலிம், நடுவில் வெல்டு. உலோகம் குறைவாக இருக்கும் இடத்தில் கதிர் அதிகமாகப் புகுந்து ஃபிலிமைக் கறுப்பாக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மூலம். மெல்லிய தகட்டுக்கு எக்ஸ்ரே குழாய், சுமார் 20 மி.மீ.க்கு மேல் எஃகு என்றால் இரிடியம்-192, ரொம்பத் தடிமனுக்கு கோபால்ட்-60. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும், அதனால் ஃபிலிமில் கதிர் பட இரண்டு மாதம் முன்பு கொடுத்த நேரத்தையே இன்றும் கொடுத்தால் படம் வெளுத்துத்தான் வரும்.

வெல்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்பேட்டரையும் (தெறித்து உறைந்த உலோகத் துளிகள்) மேடு பள்ளத்தையும் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அவையும் படத்தில் விழுந்து குறை மாதிரியே நிற்கும்.

ஈயத் தகடுகளுக்கு நடுவே ஃபிலிம் வைத்த கேசட்டை வெல்டின் பின்புறம் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கேசட்டின் முதுகில் ஈயத்தாலான 'பி' எழுத்து ஒன்று. மூலத்தின் பக்கம் பெனட்ராமீட்டர் (படத்தின் தரத்தைக் காட்டும், வெவ்வேறு தடிமன் கம்பிகளின் வரிசை), அதன் கம்பிகள் வெல்டுக்குக் குறுக்கே.

தூரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூலத்தின் அளவு 3 மி.மீ., தகடு 20 மி.மீ., மூலத்திலிருந்து தகடு 300 மி.மீ. என்றால் விளிம்பு மங்கல் 3 × 20 ÷ 300, அதாவது 0.2 மி.மீ. இன்னும் தள்ளி வைத்தால் கூர்மை கூடும், ஆனால் மூலத்திலிருந்து ஃபிலிமுக்கான தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கொடுக்கும் நேரம் நான்கு மடங்கு.

இனி கதிர் திறக்கும் கட்டம். இரிடியம் போன்ற மூலம் கவசப் பெட்டிக்குள் இருக்கும்; ஹேண்டிலைச் சுற்றினால் கேபிள் அதைக் குழாய் வழியே வெளியே தள்ளும், திரும்ப உள்ளே இழுக்கும். உரிமம் பெற்ற ஆள் உடன் இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள், உடலில் படும் கதிரை அளக்கும் டோசிமீட்டரை மாட்டிக்கொள்ளுங்கள். மூலத்தை உள்ளே இழுத்த பிறகும், சுற்றிலும் உள்ள கதிரைக் காட்டும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே கிட்டே போங்கள். ஹேண்டில் முழுக்கச் சுற்றியாச்சே என்பது ஒரு சாட்சியே இல்லை, மூலம் கேபிளிலிருந்து கழன்று குழாயிலேயே கிடக்கலாம்.

டார்க் ரூமில் 20 டிகிரி டெவலப்பரில் சுமார் 5 நிமிடம், பிறகு ஸ்டாப் பாத் (டெவலப்பரை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), ஓடும் தண்ணீர், உலர்த்தல்.

சரி, படம் கையில். உடனே குறை தேட ஆரம்பிப்பதுதான் எல்லாப் புதியவர்களும் செய்யும் தப்பு. முதலில் படத்தையே சோதியுங்கள்: பெனட்ராமீட்டரில் தெரிய வேண்டிய கம்பி தெரிகிறதா, அடர்த்தி (ஃபிலிமின் கறுப்பு அளவு) 2க்கும் 4க்கும் நடுவில் இருக்கிறதா, 'பி' எழுத்து வெளுப்பாக விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் பின்னாலிருந்து சிதறிய கதிர் படத்தைக் கெடுத்திருக்கிறது, திரும்ப எடுங்கள்.

இதில் தேறிய பிறகு வெல்டைப் பாருங்கள். உருண்டையான கறுப்புப் புள்ளிகள் வாயுக்குமிழ்கள். ஒழுங்கற்ற கறுப்புத் திட்டு ஸ்லாக், அதாவது உள்ளே சிக்கிய வெல்டிங் கசடு. நடுவே நேர்கோடாகக் கறுப்பு என்றால் ரூட் (இணைப்பின் அடிப்பகுதி) வரை வெல்டு இறங்கவில்லை. மெல்லியதாக வளைந்து நெளியும் கோடு விரிசல். பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி உள்ளே சிக்கிய டங்ஸ்டன் துணுக்கு, எஃகைவிட அடர்த்தியானது என்பதால் கதிரை மறித்துவிடுகிறது.

விரிசல் கதிருக்குக் குறுக்கே படுத்திருந்தால், எவ்வளவு நல்ல படமானாலும் தெரியாமலே போகலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுங்கள், அல்லது அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனைக்கு அனுப்புங்கள்.