கலைக் கல்லூரி அங்கீகாரம்: எங்கே தவறு செய்கிறோம்?

அமெரிக்காவில் ஓவியமோ வடிவமைப்போ படிக்கக் கல்லூரி தேடுபவர்கள் 'அங்கீகாரம் பெற்றது' என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்பதில்லை. முதல் தவறு அதுதான்.

கல்லூரி முழுவதற்குமான அங்கீகாரம் வேறு. நிதிநிலை, நிர்வாகம், நூலகம் எல்லாம் அதில் வரும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. கலைக்கென்றே அங்கீகாரம் தருவது 1944-இல் தொடங்கிய நாசாட் (NASAD) என்ற கலை, வடிவமைப்புக் கல்லூரிகளின் தேசியச் சங்கம். மற்ற கல்லூரிகளின் கலைப் பேராசிரியர்களே நேரில் வந்து பார்க்கிறார்கள். அச்சுக்கலைக் கூடத்தில் அமிலப் புகை வெளியேற வழி இருக்கிறதா என்பதெல்லாம் பொது ஆய்வில் யார் கண்ணில் படும்?

பட்டத்தின் பெயரைச் சரியாகப் படிக்காமல் சேர்வதுதான் அதிகம் அடிபடும் இடம். நாசாட் விதிப்படி பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) படிப்பில் குறைந்தது 65 சதவீதம் கலை, வடிவமைப்புப் பாடங்களாக இருக்க வேண்டும். பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) அது 78. பி.ஏ. என்றால் 30 முதல் 45 சதவீதம்தான், அதாவது 36 முதல் 54. இரண்டுமே அங்கீகாரம் பெற்றவையாக இருக்கலாம், ஆனால் ஸ்டுடியோவில் கழியும் நேரம் ஒன்றல்ல. தொழில்முறை வடிவமைப்பாளராக நினைப்பவர் பி.ஏ.வில் சேர்ந்துவிட்டு, போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) மெலிந்திருக்கிறதே என்று கடைசி வருடம் புலம்பிப் பயனில்லை.

அப்புறம், ஒரே முத்திரை எல்லாத் துறைக்கும் செல்லும் என்ற நினைப்பு. உள்ளலங்கார வடிவமைப்புக்கு சிடா (CIDA) என்ற தனி அங்கீகார அமைப்பு. அது கல்லூரியை அல்ல, குறிப்பிட்ட படிப்பைத்தான் அங்கீகரிக்கிறது. கட்டடக்கலைக்கு வேறு வாரியம். அந்த வாரியம் ஏற்ற பட்டம் இல்லாவிட்டால் பல மாநிலங்களில் உரிமம் வாங்குவதே கஷ்டம். ஓவியருக்கோ உரிமம் என்ற பேச்சே இல்லை. ஆகவே நாசாட் இல்லையென்று ஒரு கல்லூரியை உடனே ஒதுக்குவதும் தவறுதான். அது கட்டாயமல்ல, விண்ணப்பிக்காத நல்ல துறைகளும் உண்டு.

ஒரு கல்லூரியில் எடுத்த கிரெடிட் இன்னொரு கல்லூரிக்குத் தானாக மாறிவிடும் என்றும் நம்ப வேண்டாம். முடிவெடுப்பது நீங்கள் போய்ச் சேரும் கல்லூரி; ஸ்டுடியோ பாடமென்றால் செய்த வேலைகளையும் கேட்பார்கள்.

கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் பார்க்காமல், அங்கீகார அமைப்பின் பட்டியலையே திறந்து பாருங்கள். நீங்கள் சேரும் பட்டம் அதே பெயரில் அங்கே இருக்கிறதா, அடுத்த மறுஆய்வு எந்த ஆண்டு என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.