குடிபெயர்வு ஆய்வில் வேலை வேண்டுமா? ஓசூரிலிருந்தே தொடங்கலாம்

குடிபெயர்வுக் கொள்கை, ஆய்வு என்று சொன்னாலே நம் பக்கத்தில் பலரும் விசா ஏஜெண்ட் வேலையா என்றுதான் கேட்கிறார்கள். அது இல்லை. யார், எங்கிருந்து, ஏன் கிளம்புகிறார்கள், போன இடத்தில் ரேஷன், பள்ளிக்கூடம், நியாயமான கூலி, ஆஸ்பத்திரி எல்லாம் கிடைக்கிறதா, கிடைக்கவில்லை என்றால் எந்த விதியை அல்லது எந்த நடைமுறையை மாற்ற வேண்டும் என்று பார்க்கிற வேலை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் இதற்கு வந்தால் நன்றாக வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

காரணம் இருக்கிறது. பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூர் கட்டட வேலைக்கு ஆள் போகிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ஆள் வருகிறது. இரண்டு மாவட்டத்திலும் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. போகிறவர், வருகிறவர், திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டவர் என்று மூன்று தரப்பையும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். அதோடு மொழி. ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ தானாக வந்துவிடுகிறது. பேசிச் சமாளிக்கும் அளவுக்கு இந்தியும் கற்றுக்கொண்டால், பெரிய நிறுவனத்தில் படித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வருகிறவரைவிட உங்களிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

படிப்பு பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். பொருளாதாரம், சமூகவியல், சமூகப்பணி, புவியியல், சட்டம், எதில் இளங்கலை முடித்திருந்தாலும் உள்ளே வரலாம். முதுகலைக்கு மும்பையில் மக்கள்தொகை அறிவியலுக்கான சர்வதேச நிறுவனம், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், முனைவர் பட்டத்துக்குச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம். கடைசியாகச் சொன்ன மையம்தான் 1998-இலிருந்து கேரளக் குடிபெயர்வு ஆய்வை நடத்திப் பெயர் வாங்கியது. 2015-இல் தமிழ்நாட்டுக்கும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது, அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிடுங்கள்.

அப்புறம் எண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. இதை அப்படியே எடுத்து, இத்தனை பேர் வேலை தேடிப் போனார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் பெரும்பாலும் கல்யாணமாகி ஊர் மாறியவர்கள். அட்டவணையில் காரணம் என்கிற பத்தியைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது. எக்செல் நன்றாகத் தெரியட்டும், பிறகு ஆர் அல்லது ஸ்டேட்டா என்கிற புள்ளிவிவர மென்பொருள். சர்வே எடுக்கக் கோபோ டூல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, போனிலேயே ஓடும்.

ஆனால் உங்களை ஆய்வாளர் ஆக்குவது களம்தான். படிக்கும்போதே ஒரு சின்ன ஆய்வைக் கையில் எடுங்கள். சிப்காட் பக்கத்து லைன் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போங்கள், துணி துவைத்து, சமைத்து, ஊருக்கு வீடியோ கால் பேசி முடித்துக் கொஞ்சம் ஓய்வாக இருக்கிற நேரம் அது. கம்பெனி சூப்பர்வைசரையோ, ஆள் கூட்டி வந்த கான்ட்ராக்டரையோ கூட்டிப் போகாதீர்கள், அவர்கள் நிற்கும்போது உண்மை வராது. “சம்பளம் எவ்வளவு?” என்று ஆரம்பித்தால் பொதுவாக ஒரு தொகை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். “போன மாசம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீங்க, வாடகை, சிலிண்டர் போகக் கையில என்ன நின்னுச்சு?” என்று கேளுங்கள், பேச்சு நிற்காது.

ரேஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது, வெளிமாநிலக் கார்டுக்கு இங்கேயே அரிசி வாங்கலாம். இருந்தும் ஒருவர் வாங்கவில்லை என்றால் ஏன்? கைரேகை விழவில்லையா, கடைக்காரர் முடியாது என்று திருப்பி அனுப்பினாரா, கடை திறந்திருக்கிற நேரத்தில் இவர் ஷிஃப்டில் இருக்கிறாரா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. “விழிப்புணர்வு இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் இப்படிப் பிரித்துக் காட்டினால்தான் அதிகாரி ஏதாவது செய்ய முடியும்.

ஆதாரைப் போட்டோ எடுக்கக் கூடாது, பெயரை மாற்றி எழுத வேண்டும், பேச விருப்பமில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். மறுவாழ்வு முகாம்களுக்கு அரசு அனுமதி இல்லாமல் போகவே கூடாது. உங்களுக்கு மட்டுமல்ல, பேசியவர்களுக்கும் சிக்கல் வரும்.

வெளியிலிருந்து வந்தவர்களை ஊரோடு ஒன்றவைக்கிற வேலையும் இந்தத் துறையில் சேர்ந்ததுதான். அது ஏதோ கூடுதல் சேவை என்று நினைப்பவர்கள் 2023 மார்ச்சை நினைத்துப் பார்க்கட்டும். பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மொழியில் பேசி நம்பிக்கை கொடுக்க ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் அன்றைக்குத் திடீரென்று முளைத்துவிட மாட்டார். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ரோஷ்னி என்ற திட்டத்தை 2017-இல் தொடங்கி, வெளிமாநிலக் குழந்தைகளின் தாய்மொழி தெரிந்தவர்களை வைத்தே பள்ளிகளில் பாடத்துக்குப் பாலம் போட்டார்கள். ஓசூருக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

வெளிநாட்டில்தான் இந்த வேலை வேண்டும் என்றால் கனடாவைப் பாருங்கள். அங்கே புதிதாக வந்தவர்களுக்கு மொழி வகுப்பு, வேலை தேட உதவி எல்லாம் கொடுக்கிற உள்ளூர் அமைப்புகளுக்கு மத்திய அரசே நிதி தருகிறது, கியூபெக் மட்டும் தனியாக நடத்திக்கொள்கிறது. படிப்புக்குப் பணம் கட்டும் முன் அதில் களப்பயிற்சி உண்டா என்று கேளுங்கள். அந்நாட்டு மத்திய அரசு வேலைகளில் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான் முன்னுரிமை, அதனால் முதல் வேலை பெரும்பாலும் அந்த உள்ளூர் அமைப்புகளில்தான் அமையும்.

இங்கே முதல் வேலை தன்னார்வ அமைப்பிலோ ஆய்வுத் திட்டத்திலோ களப்பணியாளராகத்தான் கிடைக்கும். சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, ஒப்பந்தமும் திட்டம் முடிந்தால் முடிந்துவிடும், வீட்டில் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களோடு நீங்கள் எடுத்த ஆய்வை இரண்டு பக்கக் குறிப்பாகச் சேர்த்து அனுப்புங்கள்: என்ன பிரச்சினை, எத்தனை பேரிடம் கேட்டீர்கள், என்ன தெரிந்தது, எந்த அலுவலகம் எதை மாற்றினால் சரியாகும். அதே குறிப்பைத் தமிழில் மனுவாக எழுதித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள்.